கூரைத் தகட்டு வினைஞர்

வீட்டின் உறுப்புக்களுள் மிகுந்த துன்பத்தைத் தாங்குவது கூரையே. நண்பகல் வெயிலையும் மாரிகால மழையையும் கடலிலிருந்து எழும் காற்றையும் முதலில் எதிர்ப்பது அது. எனினும், வீட்டைப் பார்க்க வந்தோர் வாயிற்கதவின் வேலைப்பாட்டையும் தூணின் அழகையும் மெச்சுவர். கூரையை ஒருவரும் மெச்சுவதில்லை. ஒழுகும்போதுதான் அதன் நினைவு வருகின்றது. அதை வேய்ந்தவனின் நினைவு வருவதும் அப்பொழுதுதான். அதுவும் அவனை ஏசுவதற்காக. இவ்வாறு புகழ் பெறாத ஒரு கைத்தொழிலின் வரலாறு, ஒரு நகரத்தின் அழிவோடும், அவ்வழிவிலிருந்து பெற்ற அறிவோடும் பிணைந்து கிடக்கின்றது.

பிளம்பர் எனின் தண்ணீர்க் குழாய் பொருத்துபவர் என்பதே பொதுவாக எவரும் அறிந்த பொருள். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலோ, உலோகத் தகட்டால் கூரை வேய்வதும், பீலி பொருத்துவதும், மழைநீரைக் குழாய்வழி நிலத்திற்கு இறக்குவதும் பிளம்பர் தொழிலின் ஒரு பிரிவாகவே கொள்ளப்படுகின்றன. அப்பிரிவுக்கெனத் தனியே உரிமம் பெறல் வேண்டும். குழாய் பொருத்துபவருக்கும் கூரைக்கும் உள்ள உறவு யாது? அவ்வுறவு அத்தொழிலின் பெயரிலேயே மறைந்து கிடக்கின்றது.

இலத்தீன் மொழியில் ஈயத்துக்குப் பிளம்பம் என்று பெயர். பண்டை உரோமர் ஈயத்தை உருக்கித் தகடாக்கினர். அத்தகட்டைச் சுருட்டித் தண்ணீர்க் குழாய் செய்தனர். நீர்த்தொட்டிகளின் உட்புறத்தில் அதைப் பதித்தனர். ஈயவேலை செய்தவன் பிளம்பேரியஸ் எனப்பட்டான். உரோமப் பேரரசு மறைந்த பின்னரும் அத்தொழில் மறையவில்லை. ஐரோப்பாவின் இடைக்காலத்தில் எழுந்த பெருந் தேவாலயங்களுக்கு மழைநீர் புகாத கூரை வேண்டியிருந்தது. ஈயம் மென்மையானது, எளிதில் வளைவது, துருப்பிடியாது. ஆகவே பிளம்பர்கள் கோபுர உச்சிகளில் ஏறினர். அக்காலத்தில் பிளம்பர் என்றால், ஈயக் கூரை வேய்பவரையும் ஈயக் குழாய் செய்பவரையும் அச்சொல் ஒருங்கே குறித்தது.

அவர்கள் வேலை செய்த முறை வியப்புக்குரியது. ஈரமணலை நீண்ட மேசையில் பரப்பி, அதன் முகத்தை மட்டமாக்கி, உருகிய ஈயத்தை அதன்மீது ஊற்றுவர். ஈயம் உறையுமுன் ஒரு பலகையால் இழுத்து எங்கும் ஒரே கனமாக்குவர். இத்தகடுகளைக் கூரையில் விரிக்கும்போதுதான் தொழிலின் நுட்பம் வெளிப்படும். ஈயம் வெயிலில் நீளும். இரவுக் குளிரிற் சுருங்கும். மூன்று மீற்றர் நீளமான தகடு, வெப்பநிலை 40 பாகை உயர்ந்தால் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் நீளும். நாற்புறமும் ஆணியடித்து அதை இறுக்கிவிட்டால், நீள இடமின்றிப் புடைத்து, நாளடைவில் வெடித்துவிடும். ஆகவே பிளம்பர் சிறு சிறு தகடுகளாக வேய்ந்தார். ஒரு தகட்டின் விளிம்பை மற்றதன் விளிம்போடு சேர்த்து மரவுருளையின் மேல் மடித்துவிட்டார். உலோகம் அசைய வேண்டும், ஆனால் நீர் புகலாகாது என்பதே அவர் கண்ட முதல் விதி. உலோகக் கூரைகள் அனைத்துக்கும் இன்றுவரை அதுவே அடிப்படை.

ஈயக் கூரைக்குக் குறைகளும் இருந்தன. அது மிகுந்த பாரமுடையது. தாங்குவதற்குப் பெருமரங்கள் வேண்டும். விலையும் அதிகம். நெருப்பில் விரைந்து உருகுவது. 1666ஆம் ஆண்டு இலண்டனில் எழுந்த பெருந் தீயில் பழைய சென் போல் தேவாலயத்தின் ஈயக் கூரை உருகித் தெருக்களில் ஆறாக ஓடியதை அக்காலத்தவரான யோன் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அத்தேவாலயத்தை மீண்டும் கட்டிய கிறிஸ்தோபர் ரென், புதிய குவிமாடத்தையும் ஈயத்தாலேயே போர்த்தினார். ஈயம் நஞ்சு என்பதும் மறக்கற்பாலதன்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் தேதி பாரிசு நகரின் நோத்ர் தாம் தேவாலயம் தீப்பற்றியபோது, நூற்றுக்கணக்கான தொன் நிறையுள்ள ஈயக் கூரை எரிந்தழிந்தது. அதன் தூசு படிந்த தெருக்களையும் பள்ளிகளையும் துப்புரவு செய்யவேண்டி நேர்ந்தது.

ஆக, ஈயக் கூரை தேவாலயத்துக்கும் அரண்மனைக்கும் உரியதாயிருந்தது. எளியோர் வீட்டுக்கு உலோகக் கூரையைக் கொண்டுவந்தது இரும்பே. இரும்புத் தகடு மெல்லியதாயின் தன் பாரத்தாலேயே தொய்யும்; தடிப்பாயின் விலை கூடும். இச்சிக்கலை அவிழ்த்தவர் இலண்டன் துறைமுகக் கம்பனியிற் பணியாற்றிய பொறியியலாளர் ஹென்றி றொபின்சன் பாமர். தகட்டை அலை அலையாக நெளித்துவிட்டால் அது பன்மடங்கு வலிமை பெறும் என்று கண்டு, 1829ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு தாளைக் கையிற் பிடித்தால் அது வளைந்து தொங்கும்; அதே தாளை விசிறிபோல் மடித்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். பாமரின் கண்டுபிடிப்பு இத்துணை எளிமையானது.

எஞ்சிய பகை துரு. 1837ஆம் ஆண்டு பிரான்சு நாட்டினரான சொரெல் என்பவர் உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாகம் இரும்பை மூடி நிற்பதோடு அமைவதில்லை. எங்கேனும் கீறல் விழுந்து இரும்பு வெளிப்பட்டாலும், சுற்றியுள்ள நாகம் தான் முதலில் அரிபட்டு, இரும்பு அரிபடாமற் காக்கின்றது. நெளிவினால் வலிமையும், நாகத்தினால் நீண்ட ஆயுளும் பெற்ற இத்தகடு சில பதிற்றாண்டுகளுக்குள் உலகின் துறைமுகங்கள் தோறும் சென்றிறங்கியது.

அதைத் தன் நாட்டுப் பொருளாகவே ஏற்றுக்கொண்ட தேசம் அவுஸ்திரேலியா. 1851ஆம் ஆண்டு விக்டோரியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்டதும், உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் அங்கு வந்து குவிந்தனர். அவர்களுக்கு வீடு இல்லை. வீடு கட்டக் கைவினைஞரும் இல்லை. பலர் பொன் தேடப் போய்விட்டனர். ஆகவே வீடுகளே இங்கிலாந்தில் துண்டு துண்டாகச் செய்யப்பட்டுப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலேறின. அவ்வாறு வந்த இரும்பு வீடுகள் சில மெல்பேண் நகரின் தென்பகுதியில் இன்றும் பேணப்பட்டு வருகின்றன. பின்னர், பிரிஸ்டல் நகரில் 1857ஆம் ஆண்டு தொழில் தொடங்கிய யோன் லைசாட் என்பவரின் நிறுவனத்துத் தகடுகள் அந்நாட்டின் ஆட்டுப்பட்டிகளையும் உழவர் வீடுகளையும் மூடின. 1921ஆம் ஆண்டில் அந்நிறுவனம் நியூகாசில் நகரிலேயே தகடு செய்யும் ஆலையை அமைத்தது.

நெளிதகட்டை அந்நாட்டார் விரும்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்நாட்டில் ஆறு அருமை, மழை அரிது. கூரையில் விழும் ஒவ்வொரு துளியையும் பிடித்துத் தொட்டியிற் சேர்த்தாலன்றி வாழ முடியாத நிலங்கள் பல. ஓலைக்கூரை நீரை உறிஞ்சும். நிறமும் மணமும் சேர்க்கும். தகடோ விழுந்த நீரைத் தூயதாய் வழங்கும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் கிடைப்பது ஓர் இலீற்றர் நீர். 150 சதுர மீற்றர் கூரைமீது 50 மில்லிமீற்றர் மழை பெய்யின் 7,500 இலீற்றர் நீர் பீலிக்கு வந்து சேரும். அந்நீரை ஒழுங்காக வழிநடத்துவதே கூரைத் தகட்டு வினைஞரின் நாளாந்தப் பணி. பண்டைய பிளம்பர் குழாய்க்கும் கூரைக்கும் ஒருங்கே உரியவராய் இருந்ததன் பொருத்தம் இங்கே விளங்கும். ஒரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. குடிநீர் சேர்க்கும் கூரைகளில் ஈயத்தைப் பயன்படுத்துதல் இன்று அந்நாட்டில் விலக்கப்பட்டுள்ளது. ஈயத்தின் பெயரால் வழங்கும் தொழில், நஞ்சை அறிந்த பின் ஈயத்தைக் கைவிட்டது.

தகடு வேய்தல் பார்வைக்கு எளிது. அனுபவம் வாய்ந்தவர் கைக்கும் புதியவர் கைக்கும் உள்ள வேறுபாடு சின்னஞ் சிறியவற்றில் அடங்கியது. ஒரு தகட்டின் மேல் அடுத்த தகட்டின் விளிம்பு கவியும் இடத்தில், காற்று வழக்கமாக வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக அக்கவிவு அமைய வேண்டும். இல்லையேல் காற்று மழையை இடுக்கினுள் ஊட்டிவிடும். திருகாணியை நெளிவின் பள்ளத்தில் இறக்கலாகாது, மேட்டிலேயே இறக்க வேண்டும். நீர் ஓடுவது பள்ளத்தில். முகட்டின் கீழ் மறையும் தகட்டு நுனியைச் சற்று மேல்நோக்கி மடித்துவிட வேண்டும். பீலிக்கு மேல் நீளும் நுனியைச் சற்றுக் கீழ்நோக்கி மடிக்க வேண்டும். பீலியோ கண்ணுக்குத் தோன்றாத சரிவுடையதாய், 500 மில்லிமீற்றருக்கு ஒரு மில்லிமீற்றரேனும் தாழ்ந்து செல்ல வேண்டும். துளையிட்டபோது உதிர்ந்த இரும்புத் துகளை மாலையில் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளாமல் இறங்கினால், மறுநாட் பனியில் அது துருவாகிப் புதுத்தகட்டைக் கறைப்படுத்தும். இவற்றுள் ஒன்றேனும் நிலத்தில் நிற்கும் வீட்டுக்காரரின் கண்ணுக்குத் தெரியாது. மழைக்கும் காற்றுக்குமே தெரியும்.

காற்றின் வலிமை எத்தன்மைத்து என்பதை இத்தொழில் முழுமையாக உணர்ந்தது அவுஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரில். 1974ஆம் ஆண்டு அங்கு ஏறத்தாழ 47,000 மக்கள் வாழ்ந்தனர். அவ்வாண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு சூறாவளி நகரை அணுகி, பின்னர் விலகிப் போயிற்று. ஆகவே நத்தார்ப் பண்டிகைக்கு முன்னாள், டிரேசி எனப் பெயரிடப்பட்ட மற்றொரு சூறாவளி வருகின்றது என்று வானொலி எச்சரித்தபோது, பலர் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. வீடுகளில் விருந்து நடந்துகொண்டிருந்தது. நள்ளிரவுக்குப் பின் காற்று நகருட் புகுந்தது. விமான நிலையத்திலிருந்த கருவி மணிக்கு 217 கிலோமீற்றர் வேகத்தைப் பதிவு செய்தபின் பழுதடைந்துவிட்டது. அதன்பின் வீசிய காற்றின் அளவை அறிந்தவர் இல்லை.

சூறாவளியின் கண் கடந்தபோது சற்றே அமைதி நிலவியது. பின்னர் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் எழுந்தது. மக்கள் குளியலறைகளிலும் கட்டில்களின் கீழும் ஒடுங்கிக் கிடந்தனர். கூரையிலிருந்து பிய்ந்த தகடுகள் தெருவில் உராய்ந்து சென்ற ஓசையை, உயிர் தப்பியோர் பலர் பல்லாண்டு கழிந்தும் மறக்கவில்லை. பறந்த தகடு அடுத்த வீட்டு யன்னலை உடைத்தது. உடைந்த யன்னல் வழியே உள்ளே புகுந்த காற்று அவ்வீட்டுக் கூரையைக் கீழிருந்து தள்ளியது. வெளியே வீசிய காற்றோ அதனை மேலிருந்து இழுத்தது. ஒரு வீட்டின் கூரை மற்றொரு வீட்டின் கூரையை அழிக்கும் படைக்கலமாயிற்று. விடிந்தபோது நகரின் வீடுகளிற் பெரும்பாலானவை அழிந்தோ வாழ முடியாதனவாய்ச் சிதைந்தோ கிடந்தன. கடலில் மாண்டோரையும் சேர்த்து 66 பேர் உயிரிழந்தனர். 35,000க்கு மேற்பட்டோர் சில நாட்களுக்குள் வேறு நகரங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

அழிந்தவற்றுள் மிகப் பழைய வீடுகளே மிகுதி என எண்ணத் தோன்றும். உண்மை வேறு. வட புறநகர்களில் அண்மைக் காலத்திற் கட்டப்பட்ட வீடுகளே பெரிதும் அழிந்தன. அவற்றின் தகடுகள் விதிப்படி சோதிக்கப்பட்டவை. காற்றின் அமுக்கத்தைத் தாங்கும் என்று சான்று பெற்றவை. பின் ஏன் பறந்தன?

இவ்வினாவுக்கு விடை தேடியவர் டவுன்ஸ்வில் நகரிலுள்ள யேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொறியியலாளர் ஜோர்ஜ் வாக்கர். மூன்றாண்டுகளுக்கு முன், 1971ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆந் தேதி, டவுன்ஸ்வில் நகரையே அல்தியா என்ற சூறாவளி தாக்கியிருந்தது. ஆகவே சிதைந்த கூரைகள் அந்நகரத்தார்க்குப் புதியன அல்ல. வாக்கர் 1975இல் அளித்த அறிக்கை, உடைந்த பெரிய உறுப்புக்களைவிட, அவற்றைப் பிணைத்த சிறிய உறுப்புக்களின்மீதே பார்வையைத் திருப்பியது.

பழங்காலத் தகடு கனமானது. அதை ஈயத்தலை ஆணிகள் மரத்தோடு பிடித்தன. பெருங்காற்றில் ஆணியே முதலிற் கழன்றது. அதற்குப் பரிகாரமாகத் திருகாணி வந்தது. அது மரத்தை விட்டுக் கழலவில்லை. அதே காலத்தில் வலிமை மிக்க உருக்கைக் கொண்டு முன்னிலும் மெல்லிய தகடுகள் செய்யப்பட்டன. வலிமை இருந்தமையால் மெலிவு ஒரு குறையாகத் தோன்றவில்லை. டார்வினிலோ, பல வீடுகளில் திருகாணிகள் சலாகையில் உறுதியாக நிற்க, தகடு மட்டும் அவற்றின் தலைகளைக் கடந்து கிழிந்து போயிருந்தது. ஒவ்வொரு திருகாணித் தலையையும் சுற்றித் தகட்டில் நுண்ணிய வெடிப்புக்கள் காணப்பட்டன.

ஒரு கம்பியை ஒரு முறை வளைத்தால் அது முறிவதில்லை. அங்குமிங்குமாகப் பன்முறை வளைத்தால் முறிகின்றது. உலோகத்துக்கும் களைப்பு உண்டு. சூறாவளிக் காற்று ஒரே சீராக அழுத்துவதன்று. கணந்தோறும் ஏறியும் இறங்கியும் மணிக்கணக்காக அது தகட்டை இழுத்து விடுகின்றது. ஒரே முறை பாரமேற்றிச் செய்த சோதனையில் தேறிய தகடு, ஆயிரக்கணக்கான முறை இழுபட்டபோது களைத்து வெடித்தது. நெளிதகட்டின் ஒரு சதுர மீற்றர் ஐந்து கிலோகிராம் நிறையும் தேறாது. வினாடிக்கு 60 மீற்றர் வேகத்தில் வரும் காற்றோ, ஒரு சதுர மீற்றரில் 200 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரத்துக்கு நிகரான அமுக்கத்தைச் செலுத்த வல்லது. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது திருகாணித் தலையைச் சுற்றியுள்ள, விரல் நகமளவான தகடு.

இவ்வறிவு தொழிலின் முறையையே மாற்றியது. டார்வின் நகரை மீண்டும் கட்டியபோது, கூரைத் தகடுகளைப் பத்தாயிரம் முறை இழுத்துத் தளர்த்திச் சோதிக்க வேண்டும் என்ற விதி வகுக்கப்பட்டது. திருகாணித் தலையின் கீழ் அகன்ற அடித்தகடு வைத்து, இழுவிசையைப் பரந்த இடத்திற்குப் பகிர்ந்தனர். காற்றின் இழுப்பு மிகுந்திருக்கும் கூரை மூலைகளிலும் விளிம்புகளிலும் முகட்டோரத்திலும் திருகாணிகளை நெருக்கமாக இறக்கினர். தகட்டைச் சலாகையோடும், சலாகையைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரோடும், சுவரை அத்திவாரத்தோடும் இரும்பினாற் பிணைத்தனர். இச்சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் ஏனையவற்றின் வலிமை வீணாகும். 1977ஆம் ஆண்டு டவுன்ஸ்வில் நகரில் சூறாவளிச் சோதனை நிலையம் ஒன்று நிறுவப்பட்டது.

அவ்வுழைப்பின் பயன் 2011ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வெளிப்பட்டது. குவீன்ஸ்லாந்துக் கரையை யாசி என்ற கொடுஞ் சூறாவளி தாக்கியபோது, புதிய விதிகளின்படி கட்டப்பட்ட வீடுகள் பழைய வீடுகளைவிடப் பெரிதும் குறைந்த சேதத்தோடு தப்பின. கரையோர மக்களை முன்கூட்டியே அகற்றியதும் பெருந் துணையாயிற்று. அச்சூறாவளியில் இறந்தவர் ஒருவரே. அவரும் மூடிய அறையில் மின்னாக்கி கக்கிய புகையால் மாண்டவர்.

இலங்கையின் கிழக்குக் கரைக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் தேதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி, ஓலைக்கூரை, ஓட்டுக்கூரை, தகரக்கூரை என்ற பேதம் பாராது அள்ளிச் சென்றது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். தென்னந்தோப்புக்கள் வேரோடு சாய்ந்தன. தகரக் கூரை பறவாதிருக்க அதன்மேற் கல்லேற்றி வைக்கும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. ஒரு சதுர மீற்றரை 200 கிலோகிராம் பாரத்துக்கு நிகரான விசையோடு இழுக்கும் காற்றின் முன் அக்கல் எம்மாத்திரம்? கூரையோடு கல்லும் எழும்பினால் அதுவே வேறொருவர் உயிருக்கு எமனாகும். மேலே ஏற்றிய பாரத்தைவிட, கீழே இறுக்கிய பிணைப்பே கூரையைக் காக்கும்.

ஈயத்தை மணலில் வார்த்த இடைக்காலப் பிளம்பர், உலோகம் அசையும் என்பதை அறிந்து அதற்கு இடமளித்தார். டார்வின் நகருக்குப் பிந்திய வினைஞர், அவ்வசைவே உலோகத்தைக் களைக்கச் செய்யும் என்பதையும் அறிந்து அதற்கு வலுவளித்தார். இரண்டு பாடங்களுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்தன. இரண்டாம் பாடத்துக்கு ஒரு நகரம் விலையாயிற்று. அவ்விலையை இன்னொரு கரையில் வாழ்வோர் மீண்டும் கொடுக்க வேண்டியதில்லை. கூரை வேய வருபவரிடம் கூலி எவ்வளவு என்று கேட்போர், மூலைகளில் எத்தனை திருகாணி இறக்குவீர், சலாகையைக் கைமரத்தோடு எதனாற் பிணைப்பீர் என்ற இரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்டல் நன்று. நல்ல வினைஞர் அக்கேள்விகளுக்கு மகிழ்ந்து விடையளிப்பார்.